கள்ளுக்கடைச் சாப்பாடு: அணைக்கட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

அணைக்கட்டு வட்டத்தில் ஏரிக்கரைகளில் பனை நிற்கிறது. தோட்டங்களில் தென்னை நிற்கிறது. மரம் இருந்தும் கடை இல்லை. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 அன்று கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. அன்றிலிருந்து இந்தப் பக்கத்தில் சட்டப்படி ஒரு கலயம் கள் இறக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. கடை ஒன்றில் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கோப்பை கள்ளும் சுடச்சுட மீன் குழம்புமாக மதியத்தைக் கழிக்க ஆசைப்படுகிறவர் மாநில எல்லையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எந்தப் பக்கம் தாண்டுவது, போன இடத்தில் எப்படி நடந்துகொள்வது, எதைத் தின்பது, எதைத் தொடாமலிருப்பது ஆகியவற்றைச் சொல்வது இந்த அத்தியாயத்தின் வேலை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போவது சாப்பாட்டுக்காக. கள் அதற்குத் துணை. இந்த வரிசையை மாற்றிக்கொண்டு போகிறவருக்கு இந்த அத்தியாயம் உதவாது.

அணைக்கட்டு அடங்கிய பழைய வட ஆற்காட்டுக்கு மதுவிலக்கு புதிதல்ல. 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் அதைத் தொடங்கியது. சித்தூர், கடப்பை மாவட்டங்களைத் தொடர்ந்து 1939-இல் வட ஆற்காட்டிலும் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. விட்டுப்போன வருவாயை ஈடுகட்ட அதே ஆண்டில் விற்பனை வரி வந்தது. இன்று கடையில் நாம் கட்டும் வரிக்கும் அன்று மூடிய கள்ளுக்கடைக்கும் அப்படி ஓர் உறவு. பிறகு 1971-இல் கருணாநிதி அரசு விலக்கைத் தளர்த்தியது, 1973, 1974-இல் கடைகள் மறுபடி மூடின, 1981-இல் எம்.ஜி.ஆர். அரசு திறந்தது, 1987-இல் மூடியது. பாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் முழுக்க டாஸ்மாக்கின் கையில். தமிழ்நாடு கள் இயக்கத்தின் செ. நல்லசாமி போன்றவர்கள் கள்ளுக்கு அனுமதி கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள்.

இத்தனை முறை திறந்து மூடியதில் போனது கள் மட்டுமில்லை. கடையை ஒட்டி அடுப்பு வைத்திருந்த சாக்கனாக்காரர்களின் சமையலும் போயிற்று. மிளகாய் தடவிப் பொரித்த ஏரி மீன், குடல் வறுவல், இரத்தப் பொரியல், காரம் தூக்கிய சுண்டல் எல்லாம் கள்ளின் புளிப்புக்கு ஏற்ற காரத்தோடு செய்யப்பட்டவை. கடை ஒழிந்த ஊரில் அந்தச் சமையல் தனியாக நிற்க முடியவில்லை. டாஸ்மாக் பாரில் கிடைக்கும் சைடிஷ் அதன் வாரிசு ஆகாது. அங்கே உட்காருகிறவர் சாப்பிட வந்தவர் இல்லை.

எந்தப் பக்கம் போவது?

கிட்டத்தில் இருப்பது ஆந்திரா. வேலூரிலிருந்து சித்தூர் ஒரு மணி நேரப் பயணம். அங்கே மரமேறும் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் தனி ஏறுகிறவர்களுக்கும் உரிமம் உண்டு. ஆனால் தோப்பில் குடித்துவிட்டு எழுந்து வருவதுதான் அங்கே பெரும்பாலும் வழக்கம். உட்கார்ந்து சாப்பிடும் கடை என்று ஒன்றைத் தேடிப் போகிறவருக்கு அலைச்சல்தான் மிஞ்சும். புதுச்சேரி, காரைக்காலில் அரசு ஏலம் விடும் கள்ளுக்கடைகள் இருக்கின்றன. மாலை நேரத்தில் உள்ளூர்க்காரர்களுக்கான இடங்கள் அவை. சாப்பாட்டுக்காக அவ்வளவு தூரம் போகச் சொல்ல முடியாது.

கேரளம் மட்டும்தான் கள்ளையும் சாப்பாட்டையும் ஒரே கூரைக்குள் வைத்திருக்கிறது. அங்கே ‘ஷாப்பு’ என்றாலே கள்ளுக்கடை. ‘ஷாப்புக் கறி’ என்பது தனிச் சமையல் வகையாகவே வளர்ந்துவிட்டது. குடிக்காத குடும்பங்கள்கூட அந்தக் கறிக்காக வண்டி கட்டிக்கொண்டு வருகின்றன. 1969-லேயே கள் தொழிலாளர் நல நிதிக்குச் சட்டம் போட்ட மாநிலம் அது. மரம் ஏறி விழுந்தால் பார்ப்பதற்கு ஒரு வாரியம் இருக்கிறது என்பதால்தான் அந்தத் தொழிலில் ஆள் நிற்கிறது. ஈழவர் சமூகத்தின் தலைமகனான நாராயண குருவே கள் இறக்காதீர்கள், விற்காதீர்கள், குடிக்காதீர்கள் என்று தம் மக்களுக்குச் சொன்ன நாடும் அதுதான். இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

இங்கிலாந்தில் கிராமத்து பப்புக்கு இருக்கும் இடம் கேரளத்தில் ஷாப்புக்கு இருக்கும் இடத்துக்கு நெருக்கமானது. அங்கே பீப்பாயில் நொதித்துக்கொண்டே இருக்கும் ஏல் என்ற பியரைப் பெரிய ஆலைகள் ஓரங்கட்டியபோது, 1971-இல் குடிமக்கள் சிலர் காம்ரா என்ற அமைப்பைத் தொடங்கி அதைக் காப்பாற்றினார்கள். அவர்கள் காக்க நினைத்தது ஒரு பானத்தை மட்டுமில்லை. ஊர்க்காரர்கள் மதியம் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசிப் போகும் ஓர் அறையையும்தான். கள்ளும் அந்த ஏலைப் போல உயிருள்ள சரக்கு. அடைத்து வைத்து ஆறு மாதம் விற்க முடியாது. அதனால்தான் மரம், கடை, அடுப்பு மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

போகும் வழி

அணைக்கட்டிலிருந்து வேலூர் வழியாகக் காட்பாடி சந்திப்புக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சென்னை–திருவனந்தபுரம் மெயிலும், சென்னை–ஆலப்புழை எக்ஸ்பிரஸும் இரவில் காட்பாடியில் நின்று போகின்றன. படுத்து எழுந்தால் கேரளம். மெயிலில் எர்ணாகுளம் டவுனிலோ கோட்டயத்திலோ காலையில் இறங்கலாம். மற்றதில் ஆலப்புழை வரை போகலாம். மூன்று ஊர்களுமே கள்ளுக்கடைகளுக்குப் பேர் போன வட்டாரத்துக்குள் இருக்கின்றன.

எர்ணாகுளத்தில் இறங்குகிறவர் மெட்ரோவில் திருப்பூணித்துறை வரை போகலாம். 2024 மார்ச்சில் அதுவரை பாதை நீட்டப்பட்டது. அங்கிருந்து வைக்கம் சாலையில் ஆட்டோ பிடித்தால் உதயம்பேரூர். 1599-இல் போர்ச்சுகீசியப் பேராயர் கூட்டிய கிறித்தவச் சபைக் கூட்டத்தால் வரலாற்றில் இடம்பெற்ற ஊர். இன்று சாப்பாட்டுப் பிரியர்களிடம் அந்த ஊரின் பெயரைச் சொன்னால் முல்லப்பந்தல் கள்ளுக்கடைதான் நினைவுக்கு வருகிறது.

கோட்டயத்தில் இறங்கினால் குமரகம் பேருந்து. வேம்பநாட்டுக் காயல் ஓரத்தில் இருக்கும் அந்த ஊரில் ‘தறவாடு’ என்ற கடை வெளியூர்க்காரர்களுக்குப் பழகிய இடம். ஒரு பக்கம் கள்ளுக்கடை, இன்னொரு பக்கம் குடும்பத்தோடு சாப்பிடும் பகுதி. முதல் முறை போகிறவர், குறிப்பாகப் பெண்களும் பிள்ளைகளும் உடன் வந்தால், இதுபோல இரண்டு வாசல் உள்ள கடையைத் தேர்ந்தெடுப்பது நிம்மதி. கோட்டயத்துக்குத் தெற்கே எம்.சி. சாலையில் பள்ளம் என்ற இடத்தில் கரிம்பும்காலா இருக்கிறது. 1958-இல் கள்ளுக்கடையாகத் தொடங்கியது. கறி பேர் வாங்கப் பேர் வாங்க, கள்ளை விட்டுவிட்டுக் குடும்ப உணவகமாகவே மாறிவிட்டது. குடிக்கவே விரும்பாத, ஆனால் ஷாப்புக் கறியைச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்கிறவர் நேராக அங்கே போகலாம்.

பேர் பெற்ற கடைகளை மட்டும் சொல்வது சரியல்ல. கேரளக் கிராமச் சாலைகளில் கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிய எழுத்தில் ‘கள்ளு’ என்று மலையாளத்தில் எழுதிய பலகை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அதில் கடையின் உரிம எண் இருக்கும். எண் இல்லாத இடத்தில் உட்காரக் கூடாது. எண் இருந்தால், வாசலில் நிற்கும் வண்டிகளைப் பார்க்க வேண்டும்: மதியம் பன்னிரண்டரைக்கு லாரிக்காரர்களும் கட்டட வேலைக்காரர்களும் சோற்றுக்காக உள்ளே போகிற கடையில் அடுப்பு நன்றாக இருக்கும். இது எந்த ஊருக்கும் பொருந்தும்.

உள்ளே

பழைய பாணிக் கடையில் அலங்காரம் எதுவும் இருக்காது. ஓடு அல்லது தகரக் கூரை, நீல வண்ணமோ பச்சை வண்ணமோ அடித்த மரத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு மேசை, இரண்டு பெஞ்சு. பரிமாறுகிறவரைச் ‘சேட்டா’ என்று கூப்பிட வேண்டும். சமையல்கட்டில் பெண்கள் இருந்தால் ‘சேச்சி’. உட்கார்ந்ததும் கள் கேட்காமல், “கழிக்கான் எந்துண்டு?” (சாப்பிட என்ன இருக்கிறது?) என்று கேட்பது நல்ல தொடக்கம். அன்றைக்கு அடுப்பில் இருப்பதை அவர் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். கறி தீர்ந்துவிடும், கள் தீராது என்பதால் இந்தக் கேள்வியை முதலில் கேட்பதில் லாபம் இருக்கிறது. விலையையும் அப்போதே கேட்டுவிடலாம். மீன் எடைக்கு விலை போடும் கடைகளில் இது முக்கியம்.

கள் இறங்கும் விதம் தெரிந்தால் எதைக் கேட்பது என்று தெரியும். விரியாத தென்னம்பாளையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஈயம் நிரப்பிய எலும்பால் நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்துவார்கள். பிறகு நுனியைச் சீவினால் சாறு சொட்டத் தொடங்கும். சீவுவது நூலிழை அளவுதான்; கூடப் போனால் பாளை வீண். சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு சர்க்கரை. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடுகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் அது நொதிக்காமல் பதநீராக நிற்கும், பூசாவிட்டால் கள். காலையில் இறக்கியது இனிக்கும், ‘மதுரக்கள்ளு’ என்பார்கள். நேரம் போகப்போகப் புளிப்பு ஏறும். முந்தின நாளையது ‘மூத்த’ கள். ஒரு நாளுக்கு மேல் போனால் வினிகரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். ஆல்கஹால் சுமார் நான்கிலிருந்து எட்டு விழுக்காடு, அதாவது பியர் அளவு. இளநீர் போல இருக்கிறதே என்று மடமடவென்று இறக்குகிறவர்தான் வெயிலில் எழுந்து நிற்கும்போது தடுமாறுகிறார்.

கோப்பையில் ஊற்றியதும் பார்க்க வேண்டியது மூன்று. நிறம் பால் கலந்த தண்ணீர் போல மங்கலாக இருக்க வேண்டும். ஓரத்தில் நுண்ணிய குமிழ் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். மணத்தில் பச்சை மாவின் புளிப்பு தெரிய வேண்டும். மாலை ஐந்து மணிக்கும் காலை போலவே வெறும் இனிப்பாக இருந்தால் சர்க்கரைத் தண்ணீரோ சாக்கரினோ கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். கேரளத்தின் பல மாவட்டங்களில் விற்கும் கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்துத் தோப்புகளிலிருந்து பர்மிட்டோடு வண்டியில் வருவது. அது குற்றமல்ல, ஆனால் பயணப்பட்ட கள் புளித்திருக்கும். பக்கத்து மரத்துக் கள் வேண்டுமென்றால் “இவிடெ செத்தியதாணோ?” (இங்கே சீவி இறக்கியதா?) என்று கேட்டால் போதும், மறைக்காமல் சொல்வார்கள்.

இலையில் வருவது

முதலில் வருவது கப்பை, அதாவது நம் மரவள்ளிக்கிழங்கு. 1880-களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஊக்கம் கொடுத்துப் பரப்பிய பயிர்; இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது அந்த மக்களின் வயிற்றைக் காப்பாற்றியது. தோல் சீவி, இரண்டு தண்ணீரில் வேகவைத்து, தேங்காயும் மஞ்சளும் காந்தாரி மிளகாயும் அரைத்துப் போட்டுக் கரண்டியால் குழைத்திருப்பார்கள். தனியாகச் சாப்பிட்டால் சப்பென்று இருக்கும். மீன் கறியின் சிவப்புக் குழம்பைத் தொட்ட பிறகுதான் அதன் அருமை புரியும்.

அந்த மீன் கறி மண்சட்டியில் வரும். தேங்காய்ப்பால் கிடையாது, தக்காளி கிடையாது. மிளகாய்த்தூள், தேங்காயெண்ணெய், கறிவேப்பிலை, இஞ்சி, பூண்டு, பிறகு குடம்புளி. வெயிலில் உலர்த்திப் புகை காட்டிய அந்தக் கறுப்புத் தோல்தான் குழம்புக்குப் புளிப்போடு ஒரு புகை வாசனையையும் கொடுக்கிறது. நம் ஊர்ப் புளி முன்னால் வந்து நாக்கைப் பிடிக்கும். குடம்புளி விழுங்கிய பிறகு தொண்டையில் தெரியும். எண்ணெய் மேலே சிவப்பாக மிதக்க, துண்டு மீன் உடையாமல் அடியில் கிடக்கும். நல்ல கடையில் முந்தின நாள் வைத்த சட்டியைத்தான் பரிமாறுவார்கள். ஒரு ராத்திரி ஊறியதில் புளிப்பு மீனின் நடுமுள் வரை இறங்கியிருக்கும். மீன் தலைக் கறி சொல்கிறவர் கையால் சாப்பிடக் கூச்சப்படக் கூடாது. கன்னச் சதையும் கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பும்தான் அதில் விசேஷம்.

கரிமீன் 2010 முதல் கேரளத்தின் மாநில மீன். மசாலா பூசிப் பொரித்துப் பிறகு வாழையிலையில் சுற்றிக் கல்லில் சுட்டது பொள்ளிச்சது. இலையைப் பிரித்ததும் கருகிய இலை மணமும் வெங்காய மசாலாவும் ஒன்றாக முகத்தில் அடிக்கும். முள் அதிகம், பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது பெரியவர் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை இருப்பதால் அந்தச் சமயத்தில் கடல்மீன் குறைவு. காயல் மீனான கரிமீனும், கக்கா என்கிற சிப்பி இறைச்சி வறுவலும் அப்போதும் கிடைக்கும்.

குட்டநாட்டின் வயல்கள் கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பவை. அறுவடை முடிந்த அந்த வயல்களில் மந்தை மந்தையாக வாத்து மேயும். சிந்திய நெல்லைத் தின்று வளர்ந்த அந்த வாத்துதான் ‘தாறாவு’ ரோஸ்ட்டாக வருகிறது. மிளகு தூக்கலாக, குழம்பு இறுகி, சதை கொஞ்சம் மெல்லும்படியாக இருக்கும். கள்ளுக்கு இதைவிடப் பொருத்தமான கறி இல்லை என்பது இந்த அத்தியாயத்தின் கருத்து. கள்ளின் இலேசான புளிப்பு வாத்தின் கொழுப்பை நாக்கிலிருந்து கழுவி, அடுத்த வாய்க்கு இடம் விடுகிறது.

தேங்காய்க்கொத்து போட்டு நேரம் எடுத்து வறுத்த மாட்டிறைச்சி ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்துக்காரர்களுக்கு அந்நியமாக இருக்காது. அதே அடுப்பில் பன்றியும் வேகும் கடைகள் உண்டு. தோல் தொழில் பட்டணங்களிலிருந்து போகும் முஸ்லிம் நண்பர்கள் சாப்பாட்டுக்காக மட்டும் உடன் வந்தால், இறைச்சி ஹலாலா என்று கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்; உறுதியான பதில் வராத இடத்தில் கப்பையும் மீனும் போதுமானது. சைவக்காரருக்குக் கப்பையும் காந்தாரிச் சம்மந்தியும்தான். அதுவே நல்ல மதிய உணவு.

எச்சரிக்கைகள்

கேரளத்தில் 23 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. வயதைக் காட்டும் அட்டை கையில் இருக்கட்டும். அக்டோபர் 2 போன்ற உலர் நாள்களைப் பார்த்துப் பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் 1.5 லிட்டருக்கு மேல் கள் வைத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். சட்டத்தை விட்டாலும், மூடிய பாட்டிலில் கள் நொதித்துக்கொண்டே இருக்கும், இரயில் பெட்டியில் வெடித்துவிடும். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம். குழுவில் ஒருவர் கள்ளைத் தொடாமல் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், அல்லது எல்லோரும் ஆட்டோவில் போக வேண்டும். சர்க்கரை நோய், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், மெட்ரானிடசோல் போன்ற மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்களும் கறியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கலப்படம் உண்மையான ஆபத்து. தெலங்கானாவில் டயசிபாம், அல்ப்ரசோலம் போன்ற மயக்க மருந்துகளைக் கள்ளில் கலப்பது நெடுநாள் கொடுமை. 2025 ஜூலையில் ஐதராபாத் குக்கட்பள்ளியில் கலப்படக் கள் குடித்தவர்கள் இறந்தார்கள். கேரளத்திலேயே 2010 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டத்தில் மெத்தனால் கலந்த கள் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. குடித்த சற்று நேரத்தில் வழக்கத்துக்கு மாறான தூக்கம், நாக்கு மரத்தல், பார்வை மங்கல் எது வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அணைக்கட்டுக்காரருக்கு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அல்லேரி மலைப் பக்கம் காவல்துறை சாராய ஊறலைக் கண்டுபிடித்துக் கொட்டி அழிப்பது அடிக்கடி வரும் செய்தி. கள் கிடைக்காத ஊரில் அந்தச் சாராயம் அதற்கு மாற்றாகாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 65-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். பாக்கெட்டில் என்ன கலந்திருக்கிறது என்பதைக் கண்ணாலோ மூக்காலோ கண்டுபிடிக்க முடியாது. மலையிலிருந்து வரும் பாக்கெட்டைத் தொடவே கூடாது. நண்பர் கொடுத்தாலும் கூடாது.

திரும்பி வரும்போது

கள்ளைக் கொண்டுவர முடியாது. கறியைக் கொண்டுவர முடியும். கோட்டயம், ஆலப்புழை மளிகைக் கடைகளில் குடம்புளி எடைபோட்டுக் கிடைக்கும். கறுத்து, மெத்தென்று, கையில் ஒட்டுகிற பதத்தில் இருப்பதை வாங்க வேண்டும். வறண்டு உடைவது பழசு. வீட்டில் அரைக் கிலோ ஏரிக் கெண்டைக்கு மூன்று நான்கு சுளை போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரோடு சேர்த்தே மண்சட்டியில் போட வேண்டும். கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் மீன் உடையாது. இராத்திரி வைத்து மறுநாள் மதியம் எடுக்கலாம். பங்குனி, சித்திரையில் வைத்தால், சுண்ணாம்புக் கலயத்துப் பதநீர் ஊருக்குள் வரும் காலம் அது. கறியின் காரத்துக்குப் பக்கத்தில் வைக்க அதில் ஒரு சொம்பு வாங்கிக்கொள்ளலாம்.